வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? சத்தத்தை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

காலை எட்டேகால் மணிக்கு எங்கள் தெருவில் யாராவது ஒருவர் கிக்கரை உதைத்துக்கொண்டிருப்பார். மடிப்பாக்கத்தில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். என்னிடம் 2009 மாடல் ஸ்பிளெண்டர், வீட்டில் 2021 மாடல் ஸ்கூட்டர். இரண்டையும் நானே பார்த்துக்கொள்வதைக் கண்டு பக்கத்து வீட்டு வண்டிகளும் ஒவ்வொன்றாக என் கைக்கு வரத் தொடங்கின. நான் மெக்கானிக் கிடையாது. ஆனாலும் ஸ்டார்ட் ஆகாமல் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை பத்து நிமிடத்தில், பைசா செலவில்லாமல் கிளம்பிப் போயிருக்கின்றன.

வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: செல்ஃபை அழுத்தினால் என்ன சத்தம் கேட்கிறது? அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும். கீழே தலைப்புகளை அப்படித்தான் பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பர்ஸைப் பதம் பார்க்கும் காரணம் கடைசியில் வரும்.

ஒரே ஒரு வேண்டுகோள். பிடிக்காத வண்டியில் செல்ஃபை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். ஐந்து விநாடி அழுத்துங்கள், பதினைந்து விநாடி விடுங்கள், மூன்று தடவையோடு நிறுத்துங்கள். சின்னக் கோளாறோடு நின்ற வண்டியில் பேட்டரியும் இறங்கி, எஞ்சினுக்குள் பெட்ரோல் தேங்கி ஓவர்ஃப்ளோவும் ஆகி, ஒன்று மூன்றாவது இப்படித்தான்.

## ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

வலது கைப்பிடியில் இருக்கும், எஞ்சினை நிறுத்தும் சிவப்பு ஸ்விட்ச்சைப் பாருங்கள். பார்க்கிங்கில் விளையாடும் பிள்ளைகளின் கை முதலில் போகும் இடம் அது. சில வண்டிகளில் அது ஆஃபில் இருந்தால் செல்ஃபே சுற்றாது. வேறு சிலவற்றில் செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. இந்த இரண்டாவது வகைதான் ஆளை ஏமாற்றும். கல்லூரிக்குக் கிளம்பிய எதிர்வீட்டுப் பெண் அரை மணி நேரம் முயன்று, பேட்டரியை இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஸ்விட்ச்சை நகர்த்திவிட்டுக் கிக்கரில் ஒரு உதை விட்டதும் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவள் எழுதவேண்டிய முதல் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்து சைடு ஸ்டாண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் அது இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது. ஸ்டாண்டை ஏற்றியும் பலனில்லை என்றால் அங்கிருக்கும் ஸ்விட்ச்சில் சேறு அடைத்திருக்கலாம். தண்ணீர் ஊற்றிக் கழுவி, நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

வண்டி கீழே விழுந்து எழுந்ததா? பெட்ரோலை இன்ஜெக்டரில் பீய்ச்சும் வண்டிகளில் சாய்வை உணரும் சென்சார் ஒன்று உண்டு. விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும். வண்டியை நேராக நிறுத்தி, சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாகப் பெட்ரோல். மீட்டர் முள்ளை நம்பாமல் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். தீக்குச்சி, லைட்டர் பக்கமே வரக்கூடாது. டேங்கின் அடியில் பெட்ரோல் டேப் உள்ள வண்டி என்றால் ரிசர்வுக்குத் திருப்பி அரை நிமிடம் பொறுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தால் கீழே தொடருங்கள்.

## சாவியைத் திருப்பினால் எதுவுமே எரியவில்லை

மீட்டரில் விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, இண்டிகேட்டர் இல்லை. பேட்டரியிலிருந்து கரண்ட் வெளியே வரவே இல்லை என்று பொருள்.

பேட்டரி டெர்மினல். சைடு கவரையோ சீட்டையோ திறந்து இரண்டு முனைகளையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் முறுக்குங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாஸலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது பிளஸ் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி கிளம்பும்.

ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்தில் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும். பல வண்டிகளில் அதனுடனேயே மாற்று ஃபியூஸும் வைத்திருப்பார்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியர் எண் உள்ளதைப் போடுங்கள். பத்துக்குப் பதில் முப்பது போடுவது, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவது இரண்டும் வண்டியை எரித்துவிடும். போட்ட ஃபியூஸ் உடனே மறுபடி போனால் எங்கோ ஒயர் ஷார்ட் ஆகிறது. அதற்கு மேல் நீங்கள் தொடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தரைத்தளத்தில் நிற்கும் வண்டிகளில் எலி கடித்த ஒயரை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். டேங்கைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும்.

சாவி ஸ்விட்ச். சாவியை இப்படி அப்படி அசைக்கும்போது விளக்கு மினுக்கினால் ஸ்விட்ச்சின் உள்முனைகள் தேய்ந்திருக்கின்றன. தற்காலிகமாக ஓட்டலாம், ஆனால் ஓடும்போதே எஞ்சின் அணைந்துபோகும் ஆபத்து உண்டு. மாற்றிவிடுவது நல்லது.

இவை மூன்றும் சரி, ஆனாலும் இருட்டு என்றால் பேட்டரி முழுவதுமாகச் செத்திருக்கிறது. அதை அளப்பது எப்படி என்று அடுத்ததற்கு அடுத்த தலைப்பில் இருக்கிறது.

## விளக்கு எரிகிறது, செல்ஃப் அழுத்தினால் சத்தமே இல்லை

ஸ்கூட்டரில் இது வந்தால் பிரேக் ஸ்விட்ச்சைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பிரேக்கைப் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரேக்கைப் பிடித்தும் அந்தத் தகவல் வண்டிக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம் என்பது தோன்றாது. லீவரைப் பிடித்துக்கொண்டு பின்விளக்கைப் பாருங்கள். பிரகாசமாக எரியவில்லை என்றால் மற்ற லீவரைப் பிடித்துச் செல்ஃப் அழுத்துங்கள். கிளம்பிவிட்டால் கோளாறு முதல் லீவரின் ஸ்விட்ச்சில். சின்னப் பொருள், விலையும் குறைவு.

கியர் வண்டியில் அதே வேலையைக் கிளட்ச் ஸ்விட்ச் செய்கிறது. கிளட்ச்சை முழுதாகப் பிடித்து, நியூட்ரலிலும் வைத்து அழுத்துங்கள். மழையில் நின்ற வண்டியில் செல்ஃப் பொத்தானுக்குள்ளே துரு பிடித்திருக்கலாம். இருபது முப்பது தடவை வேகமாக அழுத்தி விட்டால் சில நேரம் உயிர் வரும். வந்தாலும் அந்த வாரமே பிரித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

இதற்கு மேல், மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே, ஒயரிங் என்று போகும். கிக்கர் உள்ள வண்டி என்றால் உதைத்துக் கிளப்பி மெக்கானிக்கிடம் நீங்களே ஓட்டிப்போகலாம்.

## ‘டக்’ என்றோ ‘டக்டக்டக்’ என்றோ கேட்டு நின்றுவிடுகிறது

‘டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் ரிலேயை அசைக்கத்தான் தெம்பு இருக்கிறது, மோட்டாரைச் சுற்ற இல்லை. ஒரே ஒரு கனமான ‘டக்’ மட்டும் வந்தால் ரிலே அல்லது செல்ஃப் மோட்டாராகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி: ஹாரனை அடித்துக்கொண்டே செல்ஃபை அழுத்துங்கள். ஹாரன் கரகரத்துச் செத்துப்போனால் பேட்டரி பலவீனம், அல்லது டெர்மினல் தளர்வு. ஹாரன் குரல் கொஞ்சமும் மாறாமல் அடித்தால் பேட்டரியின் மேல் பழி போடாதீர்கள். மோட்டாருக்குக் கரண்ட் போகவில்லை.

ஹெட்லைட்டை வைத்துப் பேட்டரியை எடைபோட வேண்டாம். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் எஞ்சின் ஓடும்போது அதோடு சுற்றிக் கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டிலிருந்து நேராக வரும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவற்றில் ஹெட்லைட்டுக்கு ஸ்விட்ச்சே கிடையாது, எஞ்சின் ஓடினால் தானாக எரியும்.

கையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் ஊகமே தேவையில்லை. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் என்றால் முழு சார்ஜ். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்ய வேண்டும். 12க்குக் கீழே செல்ஃபை எதிர்பார்க்க முடியாது. அடுத்து, மீட்டரை வைத்தபடியே செல்ஃபை அழுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால், நின்றபோது எவ்வளவு காட்டியிருந்தாலும் பேட்டரிக்குள் சரக்கு இல்லை.

புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் இதையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பலர் பணத்தை இழப்பது இங்கேதான். எஞ்சினை எப்படியாவது கிளப்பி, ஆக்சிலேட்டரைப் பாதி முறுக்கிப் பிடித்து மீட்டரைப் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் நடுவில் காட்ட வேண்டும். பதின்மூன்றைத் தாண்டவே இல்லையா, வண்டி பேட்டரியைச் சார்ஜ் செய்யவில்லை. பதினைந்தைத் தாண்டுகிறதா, ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியை வேகவைக்கிறது. இரண்டிலும் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் சில வாரங்களில் போய்விடும். ரெகுலேட்டரையும் மேக்னெட் காயிலையும் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் பேட்டரி.

சார்ஜ் செய்வதாக இருந்தால் பேட்டரியின் ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். நாலு ஆம்பியர்-மணிப் பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், பத்து மணி நேரம். கார் பேட்டரிக் கடையில் பெரிய சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்றால் கொடுக்காதீர்கள்.

அவசரத்துக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்: சாவி ஆன், இரண்டாவது கியர், கிளட்ச் பிடித்து ஓடவிட்டு, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டு உடனே மறுபடி பிடியுங்கள். ஸ்கூட்டரில் இது நடக்காது. இன்ஜெக்டர் வண்டியில் பேட்டரி அறவே செத்திருந்தால் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் இல்லாததால் எவ்வளவு தள்ளினாலும் வீண்தான். பழைய கார்பரேட்டர் வண்டிகள் பலவும் பேட்டரி இல்லாமலேயே கிக்கரில் கிளம்பும்.

## செல்ஃப் மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றுகிறது, எஞ்சின் அசையவில்லை

மோட்டாரையும் எஞ்சினையும் இணைக்கும் ஒருவழிக் கிளட்ச் வழுக்குகிறது. வீட்டில் செய்ய எதுவுமில்லை, எஞ்சினின் பக்கவாட்டைத் திறக்க வேண்டிய வேலை. கிக்கரில் ஓட்டிப்போய்க் கொடுங்கள். அழுத்திக்கொண்டே இருந்தால் பற்கள் தேய்ந்து செலவு கூடும்.

## எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவே இல்லை

அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும் இதுதான். குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்காமல் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்து, அது என்ன சொல்கிறதோ அந்த வழியில் போங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளக்கின் மேல் ஒயரோடு மாட்டியிருக்கும் கேப்பை நேராக இழுத்து எடுங்கள். பிளக்கைச் சுற்றி இருக்கும் மணலை ஊதிவிடுங்கள். இல்லையென்றால் கழற்றியதும் அது நேரே உள்ளே விழும். வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனரே போதும்.

### பிளக் ஈரமாக, பெட்ரோல் வாசனையோடு இருந்தால்

ஓவர்ஃப்ளோ. குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை ஆஃப் செய்யுங்கள், பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பிளக்கைத் துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள். அதற்குள் சாவியை ஆஃபில் வைத்து, பிளக் இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி எட்டுப் பத்து தடவை கிக்கரை இறக்குங்கள், உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறிவிடும். அந்த ஓட்டைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல், ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்தே உதையுங்கள். முதலில் இருமும், புகை தள்ளும், அப்புறம் பிடிக்கும். டேப்பைத் திறந்துவிட மறக்காதீர்கள்.

அடிக்கடி இப்படி ஆனால் கார்பரேட்டரில் மிதவை ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஸ்பாஞ்ச் ஃபில்டரைக் கழுவலாம். எண்ணெய்ப் பிசுக்குள்ள காகித ஃபில்டரைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஈரம் பிசுபிசுப்பான கருப்பு எண்ணெயாக இருந்தால் கதை வேறு. பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து ஆயில் மேலே வருகிறது. பிளக்கைச் சுத்தம் செய்தால் அன்றைக்கு ஓடும். சீக்கிரமே எஞ்சின் வேலை இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

### ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க

பிளக் ஈரமோ காய்ந்ததோ, இந்தச் சோதனையை விடக்கூடாது. பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சின் ஹெட்டின் பெயிண்ட் இல்லாத இடத்தில் அழுந்தப் படும்படி, பிடியில் ரப்பர் போட்ட கட்டிங் பிளேயரால் பிடியுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள், ஓட்டையைத் துணியால் மூடுங்கள். அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும். சாவி ஆன், சிவப்பு ஸ்விட்ச் ஆன். இன்னொருவரைக் கிக்கரை உதைக்கச் சொல்லி நிழலில் பாருங்கள். நீல நிறத்தில் ‘டிக் டிக்’ என்று கூர்மையாக அடிக்க வேண்டும். பிளக்கை எதிலும் படாமல் தொங்கவிட்டுச் சுற்றாதீர்கள், ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலும், ஸ்பார்க் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியும் கெடும்.

ஸ்பார்க் மஞ்சளாக, மெலிந்து வந்தால் பிளக்கை மாற்றுங்கள். நூறு, நூற்றைம்பது ரூபாய்ப் பொருள். கருப்படைந்த பழையதைத் தேய்த்துப் பார்க்கலாம், ஆனால் டிக்கியில் எப்போதும் புதியது ஒன்று இருக்கட்டும். முனை இடைவெளி வண்டிக்கு ஏற்ப 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் வரை வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். மாட்டும்போது முதலில் விரலாலேயே கடைசி வரை முறுக்குங்கள். ஹெட் அலுமினியம், மரை சாய்ந்து ஏறினால் பிளக் மாற்றப்போய் ஹெட் வேலை பார்க்க வேண்டிவரும்.

புதுப் பிளக்கிலும் ஸ்பார்க் இல்லையென்றால் பிளக் கேப். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் ஸ்பிளெண்டருக்கு ஒரு ஒர்க்ஷாப்பில் சி.டி.ஐ. மாற்றி, காயில் மாற்றி, ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள். மறுநாளே நின்றது. கேப்புக்குள் ஒயர் முனை கருகிப் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான். கேப்பை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள், ஒயரின் கருகிய நுனியை அரை சென்டிமீட்டர் நறுக்குங்கள், திரும்பத் திருகுங்கள். சாவி ஆஃபில் இருக்கட்டும். திருகு இல்லாத, ஒட்டியே வரும் கேப் என்றால் இழுக்க வேண்டாம்.

அதற்கும் ஸ்பார்க் இல்லையா, இங்கே நிறுத்துங்கள். காயில், ஸ்பார்க் எப்போது வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சைகை தரும் பல்சர் காயில், சி.டி.ஐ. மூன்றில் எது என்பதை அளந்து பார்த்துச் சொல்லும் மெக்கானிக்கிடம் போங்கள். ‘ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம்’ என்பவரிடம் போனால் நல்ல பொருளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவீர்கள்.

### ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, பிளக் காய்ந்து கிடக்கிறது: கார்பரேட்டர் வண்டி

பெட்ரோல் எஞ்சினுக்கு வரவில்லை. கார்பரேட்டரின் அடியில் ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும். கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்து அதைத் தளர்த்துங்கள்.

நாலு சொட்டோடு நின்றால் அடைப்பு மேலே இருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ஓட்டம் உடனே கூடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. கூடவில்லையென்றால் டேப்பின் வலையும் ஹோஸும்.

தாராளமாக வந்தால் பாட்டிலை அசையாமல் இரண்டு நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு அடுக்கு நிற்கிறதா? தண்ணீர். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். கொஞ்சம் ஈரத்தை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் இருப்பதும் அடியில்தான். டேங்கையும் கார்பரேட்டரையும் முழுக்க வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள்.

பெட்ரோல் சுத்தம், ஓட்டமும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பிளக் காய்ந்திருக்கிறது என்றால் ஜெட் எனப்படும், கார்பரேட்டருக்குள் பெட்ரோல் போகும் நுண்துளையில் அடைப்பு. இரண்டு மூன்று மாதம் ஓடாமல் நின்ற வண்டியில் இது சகஜம். கார்பரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்துவிடுங்கள். ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தச் சொல்லாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் மைலேஜ் போய்விடும்.

### அதே நிலை: இன்ஜெக்டர் வண்டி

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் அநேகமாக உங்களுடையது இதுதான். சாவியை ஆன் செய்துவிட்டு டேங்க் பக்கம் காதை வையுங்கள். இரண்டு மூன்று விநாடி ‘ஸ்ஸ்ஸ்’ என்று பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும்.

சத்தம் வந்தால், குறிப்பாகப் பெட்ரோல் தீர்ந்து ஊற்றிய பிறகு, சாவியை மூன்று நாலு தடவை ஆன்-ஆஃப் செய்து ஒவ்வொரு முறையும் பம்ப் ஓடி முடிய விடுங்கள். குழாயில் இருந்த காற்று போனதும் பிடிக்கும். சத்தம் வரவில்லையென்றால் சிவப்பு ஸ்விட்ச், ஃபியூஸ், பேட்டரி வோல்ட் மூன்றையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பம்ப் மாற்றுவது ஆயிரக்கணக்கில் போகும் செலவு. டேங்கில் எப்போதும் ஒரு லிட்டருக்கு மேல் இருக்கட்டும் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பம்ப் குளிர்வதே பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான்.

மஞ்சள் எஞ்சின் விளக்கு அணையாமல் நின்றாலோ, கணக்காக விட்டுவிட்டு மின்னினாலோ கம்ப்யூட்டர் கோளாறைப் பதிவு செய்திருக்கிறது. ஸ்கேனர் உள்ள சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். மின்னுவதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## காலையில் மட்டும் மக்கர் செய்கிறது, ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்க நன்றாக ஓடுகிறது

கார்பரேட்டர் வண்டியில் சோக் போடுகிறீர்களா, போட்டால் கேபிள் உண்மையில் இழுக்கிறதா என்று பாருங்கள். போட்டதும் ஆக்சிலேட்டரைத் தொடாமல் உதையுங்கள். உதைப்பதிலும் ஒரு முறை உண்டு: கிக்கரை மெதுவாக இறக்கி, கனமாகத் தட்டுப்படும் இடத்தில் நிறுத்தி, மேலே வரவிட்டு, பிறகு ஒரே மூச்சில் முழுதாக இறக்க வேண்டும். பத்து அரை உதையை விட இந்த ஒரு முழு உதை மேல். இதிலும் சரிவராவிட்டால் பழைய பிளக், கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட், டேப்பட் (வால்வைத் திறக்கும் பகுதி) இடைவெளி என்ற வரிசையில் பாருங்கள்.

## ஓடிக்கொண்டிருந்த வண்டி நின்றது, சூட்டில் மறுபடி பிடிக்கவில்லை, ஆறினால் பிடிக்கிறது

டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளைதான். ஊசியால் சுத்தம் செய்தால் முடிந்தது. அது இல்லையென்றால் வண்டி ஆறுவதற்குள், அந்தச் சூட்டிலேயே ஸ்பார்க் பார்க்க வேண்டும். கை சுட்டுவிடும், கழற்றிய பிளக்கைத் தொடாதீர்கள்; மாற்றுப் பிளக்கைக் கேப்பில் மாட்டிப் பார்ப்பதுதான் சுலபம். சூட்டில் இல்லாத ஸ்பார்க் ஆறினதும் வந்தால் காயில், பல்சர் காயில், சி.டி.ஐ. மூன்றில் ஒன்று சூட்டில் விட்டுப்போகிறது. ஒர்க்ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறி நன்றாக ஓடும், மெக்கானிக்கும் ‘ஒன்றுமில்லையே’ என்பார். சூட்டில் ஸ்பார்க் இல்லை என்பதை நீங்கள் பார்த்திருந்தால்தான் அவருக்கு அது பயன்படும்.

சூட்டில் ஸ்பார்க் இருக்கிறது, கிக்கர் மட்டும் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறது என்றால் டேப்பட் இறுக்கம். இடைவெளியைச் சரிசெய்தால் போதும், பெரிய செலவில்லை. தள்ளிப்போட்டால் வால்வ் எரிந்துவிடும்.

## மழையில் நனைந்த பிறகு, கழுவிய பிறகு

பிளக் கேப்பைக் கழற்றி, உள்ளேயும் பிளக் குழியிலும் துடைத்துக் காயவிடுங்கள். பல வண்டிகளில் அந்தக் குழியின் நீர் வெளியேற ஒரு சின்னத் துளை இருக்கும், சேறு அடைத்தால் நீர் தேங்கும். துளையைக் குத்திவிடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கியது என்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் சீட் வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்த காலையில் ஆவலோடு செல்ஃபை அழுத்தியவர்களின் வண்டிகளுக்குத்தான் முதலுக்கே மோசம் வந்தது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும்.

சாவியைத் திருப்பாமல் முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரியும்படி வண்டியைப் போட்டோ எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறங்கள்; அது காய்ந்திருந்தால் ஓரளவு நிம்மதி. ஆயிலைப் பாருங்கள், பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்கைக் கழற்றிக் கிக்கரைக் கையால் மெதுவாக இறக்கி நீரை வெளியேற்றலாம். அதோடு நிறுத்தி, வண்டியைத் தள்ளியோ ஏற்றியோ ஒர்க்ஷாப்புக்கு அனுப்புங்கள். ஆயிலை ஒரு முறை மாற்றினால் போதாது, நிறம் தெளியும் வரை மாற்ற வேண்டும். பெட்ரோலையும் வடிக்க வேண்டும். ஸ்கூட்டரில் பெல்ட் கவரையும் திறக்கச் சொல்லுங்கள்.

முழு இன்சூரன்ஸ் இருந்தால் வண்டியைத் தொடுவதற்கு முன்பே தகவல் சொல்லுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த எஞ்சின் சேதத்தைத் தர முடியாது என்று மறுப்பதுண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் என்றால் சொந்த வண்டிக்கு எதுவும் கிடைக்காது.

## கிக்கர் காலியாக இறங்குகிறது, அல்லது இறங்கவே இல்லை

காலியாக இறங்கினால் இரண்டு வகை. எஞ்சினே சுற்றாமல் கிக்கர் மட்டும் வழுக்கினால் கிக்கர் பற்கள் தேய்ந்திருக்கின்றன. எஞ்சின் சுற்றுகிறது, எதிர்ப்பே இல்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது, போய்விட்டது. பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, சாவியை ஆஃபில் வைத்துக் கிக்கரை இறக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெடித்து வர வேண்டும். வராவிட்டால் முதலில் டேப்பட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் இல்லையென்றால் வால்வ், ரிங், பிஸ்டன். ஹெட்டைத் திறக்கச் சம்மதிக்கும் முன் கம்ப்ரஷன் மீட்டர் வைத்து அளந்து எண்ணைச் சொல்லும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இறங்கவே இல்லையென்றால் மேலே ஏறி நின்று மிதிக்க வேண்டாம். கியரிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றியதும் இறங்கினால் உள்ளே நீரோ பெட்ரோலோ தேங்கியிருந்தது. பிளக் இல்லாமலும் அசையவில்லையென்றால் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள், அநேகமாகக் காய்ந்திருக்கும். இப்போது ஆயில் ஊற்றிச் சுற்ற முயலாதீர்கள். குச்சி இருந்த நிலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வண்டியை ஏற்றிப்போக ஆளைக் கூப்பிடுங்கள். வேலைக்கு விடும்போதே, கழற்றும் பழைய பொருட்களையெல்லாம் எனக்குத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.